அடர்த்தி அலகை மாற்றுவது எப்படி: மாடித் தொட்டியிலிருந்து நியூட்ரான் விண்மீன் வரை

மாலையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். அடர்த்திக் கணக்கில் விடை தப்பினால் நான் முதலில் பார்ப்பது சென்டிமீட்டரை மீட்டராக்கிய வரியைத்தான். "ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் மிஸ், அப்போ ஒரு கன மீட்டருக்கு நூறு கன சென்டிமீட்டர்தானே?" என்று போன வாரம்கூட ஒரு பெண் கேட்டாள். மாடிக்குக் கூட்டிப்போய் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியைக் காட்டினேன். அது பிடிக்கும் தண்ணீர் ஒரு கன மீட்டர். நூறு கன சென்டிமீட்டர் என்பது அரை டம்ளர். தொட்டியைச் சுற்றி வந்தவள், "நீளம், அகலம், உயரம், மூணுக்கும் நூறு நூறா!" என்றாள். ஆமாம், 100 × 100 × 100 = 10⁶.

சரி, முறைக்கு வருவோம். அடர்த்தி என்றால் மேலே நிறை, கீழே பருமன். இரண்டையும் தனித்தனியாக மாற்றுங்கள். தங்கம் 19.3 கிராம்/செ.மீ³. கிராமைக் கிலோவாக்க 10⁻³. ஒரு கன சென்டிமீட்டர் என்பது 10⁻⁶ கன மீட்டர். அது கீழே இருப்பதால் மேலே வரும்போது 10⁶ ஆகும். 10⁻³ × 10⁶ = 10³. ஆக, 19,300 கிலோ/மீ³.

பெரிய கணக்குகளுக்கு ஒரு ஏணி வைத்திருக்கிறேன். தண்ணீரின் அடர்த்தி கீழே உள்ள எந்த அலகில் எழுதினாலும் 1தான்:

பிக்கோகிராம்/மைக்ரோமீட்டர்³
மில்லிகிராம்/மி.மீ³
கிராம்/செ.மீ³
கிலோ/லிட்டர்
டன்/மீ³
நூறு கோடி டன்/கி.மீ³

நீளம் பத்து மடங்கானால் பருமன் ஆயிரம் மடங்காகும். நிறையையும் ஆயிரம் மடங்காக்கினால் எண் மாறாது. தங்கத்துக்கும் அப்படித்தான், எல்லாப் படியிலும் 19.3. நுண்ணோக்கியில் பார்க்கும் பாக்டீரியாவுக்கும் அணைக்கட்டுத் தண்ணீருக்கும் இந்த ஒரே ஏணி போதும். இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன், மற்றதெல்லாம் தானாக வரும்.

இப்போது பெரிய அடர்த்திகள். வெண்குறு விண்மீன் என்பது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன். அதன் அடர்த்தி ஏறத்தாழ 10⁹ கிலோ/மீ³. ஆயிரத்தால் வகுத்தால் 10⁶ கிராம்/செ.மீ³, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு டன். மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரு தாயக்கட்டை அளவுக்குள் அடைத்த மாதிரி! 1930-ல், சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பின்னாளில் வானியற்பியல் அறிஞரான 19 வயது சந்திரசேகர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது இந்த விண்மீன்களைப் பற்றித்தான். இதைச் சொல்லாமல் நான் அந்தப் பாடத்தைத் தாண்டுவதில்லை.

அணுக்கருவின் அடர்த்தி 2.3 × 10¹⁷ கிலோ/மீ³. பெரிய விண்மீன் வெடித்த பிறகு எஞ்சும் நியூட்ரான் விண்மீனும் ஏறக்குறைய இதே வரிசைதான். கிராம்/செ.மீ³ ஆக்கினால் 2.3 × 10¹⁴. ஒரு டன் 10⁶ கிராம், ஆகவே கன சென்டிமீட்டருக்கு 2.3 × 10⁸ டன். கோடி என்பது 10⁷, அப்படியானால் 23 கோடி டன். கன மில்லிமீட்டருக்கு இன்னும் ஆயிரத்தால் வகுங்கள்: 2.3 லட்சம் டன். 2 மி.மீ. விட்டமுள்ள கடுகின் பருமன் சுமார் 4.2 மி.மீ³. அந்தக் கடுகுக்குள் கிட்டத்தட்ட பத்து லட்சம் டன்! அடுக்கு எண்ணை இப்படி லட்சத்துக்கும் கோடிக்கும் இறக்கிப் பார்த்தால், சுழி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்ணில் படும்.

அப்புறம் மறுமுனை. அங்கே நிறையே கொடுத்திருக்க மாட்டார்கள், அணுக்களின் எண்ணிக்கைதான் இருக்கும். விண்மீன்களுக்கு இடையில் கன சென்டிமீட்டருக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணுவின் நிறை 1.67 × 10⁻²⁴ கிராம். அடர்த்தி 1.67 × 10⁻²⁴ கிராம்/செ.மீ³, ஆயிரத்தால் பெருக்கினால் 1.67 × 10⁻²¹ கிலோ/மீ³. இங்கே பிள்ளைகள் தடுமாறுவது அடுக்கு எண்ணின் குறியில்: −24-உடன் 3 கூட்டினால் −21, −27 அல்ல. கிராம்/செ.மீ³-லிருந்து கிலோ/மீ³-க்குப் போகும்போது எண் எப்போதும் பெரிதாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

வானியலில் 'சூரிய நிறை/பார்செக்³' என்றும் ஓர் அலகு வரும். பயப்பட வேண்டாம், அதே முறைதான். சூரியன் 1.99 × 10³⁰ கிலோ. பார்செக் என்பது வானியலில் தூரத்தை அளக்கும் அலகு, 3.086 × 10¹⁶ மீட்டர்; மும்மடியாக்கினால் 2.94 × 10⁴⁹ மீ³. வகுத்தால் 6.77 × 10⁻²⁰ கிலோ/மீ³. நம் சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் அடர்த்தி இந்த அலகில் ஏறத்தாழ 0.1, அதாவது 6.8 × 10⁻²¹ கிலோ/மீ³. அதை மேலே கண்ட 1.67 × 10⁻²¹-ஆல் வகுத்துப் பாருங்கள், நான்கு வரும். சுற்றியுள்ள விண்மீன்கள், வாயு எல்லாவற்றையும் பொடியாக்கிச் சமமாகத் தூவினால், கன சென்டிமீட்டருக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடைதான் தேறும்.