வடசென்னையில் பழைய அம்பாசிடரைப் பார்த்து வாங்கும் முறை

ஆஸ்திரேலியாவில் 1948 முதல் 2017 வரை தயாரான ஹோல்டன் கார்கள் அந்நாட்டுக் குடும்பங்களிடம் பெற்றிருந்த இடத்தை, நம் நாட்டில் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடர் பெற்றிருந்தது. எதையும் தாங்கும் வண்டி என்ற அதன் பெயர் எஞ்சினுக்குப் பொருந்தும், தகரத்துக்குப் பொருந்தாது. காசிமேட்டிலோ எண்ணூரிலோ உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற வண்டியென்றால், பளபளக்கும் புதுப் பெயின்டை நான் முதலில் சந்தேகிப்பேன்.

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். கால்மிதியைத் தூக்கிவிட்டுத் தரைத்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது உள்வாங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், ஏனெனில் டிங்கரிங் செலவு வாங்கிய விலையையே விழுங்கிவிடும்.

எஞ்சினைக் காலையில், சூடேறுவதற்கு முன் இயக்கச் சொல்லுங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பின்புறப் பட்டை வில்களில் (லீஃப் ஸ்பிரிங்) விரிசலிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய குறையன்று. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டு, 15 ஆண்டுகளுக்குப் பிந்தைய பதிவுப் புதுப்பித்தல் நடப்பிலுள்ளதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.