சிறிய மகெல்லன் முகிலின் மூலக்கூறு வாயுவை எடைபோடும் முறை

நவம்பர் இரவுகளில் பினாங்கின் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 பாகை உயரமே எழும், நம் பால்வெளிக்கு அருகிலுள்ள குறு விண்மீன் மண்டலமான சிறிய மகெல்லன் முகிலை, தீவின் விளக்கொளியில் வெறுங்கண்ணால் காண்பது அரிது. ஆயினும், சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கியின் பழைய தரவுகள் பொதுவில் கிடைப்பதால், இயற்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் ஜார்ஜ் டவுனில் தம் மடிக்கணினியிலேயே அதன் வாயுவை எடைபோடலாம்.

விண்மீன்கள் ஹைட்ரஜன் மூலக்கூறு முகில்களில் பிறக்கின்றன. ஆனால் அந்தக் குளிரில் அம்மூலக்கூறு ஏறக்குறைய எதையும் உமிழ்வதில்லை என்பதால், அதனுடன் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் 115.27 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அமைந்த நிறமாலைக் கோட்டினையே அளக்க வேண்டும். கார்ட்டா என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, கோடு தென்படும் திசைவேகத் தடங்களை (வாயுவின் வேகவாரியாகப் பிரிக்கப்பட்ட படங்களை) மட்டும் கூட்டி, 2 லட்சம் ஒளியாண்டுத் தொலைவைக் கொண்டு ஒளிர்வைக் கணக்கிடுங்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். நம் பால்வெளியில் ஒளிர்வின் ஒவ்வோர் அலகுக்கும் (கெல்வின், நொடிக்குக் கிலோமீட்டர், சதுரப் பார்செக் ஆகியவற்றின் பெருக்கம்; ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு) 4.3 சூரிய நிறை என்று கொள்வது வழக்கம்; ஒளிர்வை நிறையாக மாற்றும் இந்த எண்ணே மாற்றுக் காரணி. சிறிய முகிலிலோ கனமான தனிமங்கள் சூரியனில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கே இருப்பதால் தூசியும் குறைவு. தடுப்பாரற்ற புற ஊதாக் கதிர் கார்பன் மோனாக்சைடைச் சிதைக்க, தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும் ஹைட்ரஜன் மூலக்கூறு மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சுகிறது. ஆகவே கோடு மங்கலாக இருப்பதைக் கண்டு வாயு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது; காரணியைத்தான் உயர்த்த வேண்டும்.

அடுத்து, இளம் விண்மீன்களைச் சூழ்ந்த ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியிலிருந்து விண்மீன் பிறப்பு வீதத்தைக் கணக்கிட்டு, வாயு நிறையை அதனால் வகுங்கள். ஒரு பகுதியின் ஒளிர்வு 10,000 அலகு, பிறப்பு வீதம் ஆண்டுக்கு 0.0001 சூரிய நிறை என்று வைத்துக்கொண்டால், பால்வெளிக் காரணியின்படி வாயு 43 கோடி ஆண்டுகளில் தீரும். காரணியைப் பத்து மடங்காக்கினால் 430 கோடி ஆண்டுகள் ஆகும். அருகிலுள்ள சுருள் விண்மீன் மண்டலங்களில் இது சுமார் 200 கோடி ஆண்டுகள் என்பதால், ஒரே பகுதி ஒரு கணக்கில் அவற்றைவிட விரைவாகவும் மறு கணக்கில் மந்தமாகவும் விண்மீன்களை ஆக்குவதாகத் தோன்றும்.

இதனால் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களிலிருந்து தூசியை அளந்து, வாயு-தூசி விகிதத்தால் பெருக்கி, அணு ஹைட்ரஜனைக் கழித்தும் மூலக்கூறு நிறையைக் காண்பது நல்லது. அவ்விகிதமும் பால்வெளியின் மதிப்பைவிடப் பெரிது என்பதால், இரவல் எண்ணைப் பயன்படுத்தாமல், அணு வாயு மட்டுமே உள்ள பகுதிகளிலிருந்து அதைப் பெறுங்கள்.