பூஜ்ய வரியை நம்பி விலை பேசாதீர்கள்

இறக்குமதித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இருதரப்பு வர்த்தக ஒப்பந்தம் என்றதும் நேராக வரி அட்டவணையைப் புரட்டுகிறார்கள். அங்கே பூஜ்யம் தெரிந்தால் அதை வைத்தே விலை பேசி, முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். 2000 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை வைத்தே இதில் நடக்கும் தவறுகளைப் பார்க்கலாம்.

ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் உருவானது என்ற) கணக்குப் போடாமல் விடுவது

கொழும்பில் கப்பலேறிய சரக்கெல்லாம் இலங்கைச் சரக்கு ஆகிவிடாது. எப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையான விலையில், குறைந்தது 35% மதிப்பு அங்கேயே சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாட்டு மூலப்பொருளும் முடிந்த பொருளும் வெவ்வேறு நான்கு இலக்க எச்.எஸ். (சுங்கத்துக்கான உலகப் பொதுப் பொருள் வகைப்பாடு) தலைப்பில் வரவும் வேண்டும்.

எப்.ஓ.பி. 1,000 ரூபாய், அதில் மூன்றாம் நாட்டு மூலப்பொருள் 680 என்றால் இலங்கையின் பங்கு 32%தான், சலுகை போயிற்று. அந்த 680-இல் 80 ரூபாய்ப் பொருளை இந்தியாவிலிருந்து வாங்கியிருந்தால் கதையே வேறு. இந்தியப் பொருள் கலந்தால் இலங்கையின் பங்கு 25%, இரண்டும் சேர்ந்து 35% இருந்தால் போதும். இங்கே 40% வந்துவிடுகிறது. ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

“ஆரிஜின் சான்றிதழ்தான் கையில் இருக்கிறதே” என்ற பதிலைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. 2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் 10 வேலை நாளுக்குள் தர வேண்டும். ஆவணங்களை 5 ஆண்டு காக்க வேண்டும். கணக்கு தவறினால் வரியும் வட்டியும் உங்கள் தலையில்தான். சரக்கை அதற்குள் பழைய விலைக்கு விற்றிருப்பீர்கள்.

ஏற்றுமதி கூடினாலே லாபம் என்று எண்ணுவது

பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. அந்த இடைவெளியை நம்பி, பாமாயிலில் வனஸ்பதி தயாரிக்கும் ஆலைகள் அங்கே முளைத்தன. சரக்கு இங்கே வரியின்றி வந்து குவிந்தது. இந்திய ஆலைகள் முறையிட, ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. பிறகு இந்தியா பாமாயில் வரியை இறக்கியதும் அந்த ஆலைகள் படுத்துவிட்டன. அங்கேயே விளையும் மிளகு, கிராம்பின் நிலை வேறு: அவற்றின் சலுகை பாமாயில் வரியை நம்பி நிற்கவில்லை.

மலிவு என்பதோடு நிறுத்துவது

வேறு நாட்டுப் பொருள் 100 ரூபாய், வரி 20. கூட்டாளி நாட்டுப் பொருள் வரியின்றி 112. வாங்குகிறவருக்கு 8 மிச்சம், அரசுக்கு 20 இழப்பு. நாட்டுக்கு நிகரமாக 12 நட்டம்.

வழியில் சரக்கைப் பிரிப்பது

கூடாது. மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் ஏற்றி இறக்கலாம். சரக்கைக் கெடாமல் காப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யக்கூடாது.

ஐ.ஜி.எஸ்.டி.யும் இல்லை என்று நினைப்பது

உண்டு. அது இறக்குமதிக்கும் விழும் ஜி.எஸ்.டி.; சுங்க வரி பூஜ்யமானாலும் போகாது.