சைக்கிளில் ஆபீஸ் போகிறீர்களா? முதலில் முதுகிலிருந்து பையை இறக்குங்கள்

சைக்கிளில் வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் வேண்டுமா, அலாய் ஃப்ரேமா என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். லேப்டாப், சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டால் மட்டும் "அதான் பேக்பேக் இருக்கே" என்று முடித்துவிடுவார்கள். வேறு ஊரில் அது சரியாக இருக்கலாம். சென்னை கடலோர ஊர், காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் ஆறாது, அதோடு முதுகில் ஒரு பையையும் ஒட்டிக்கொண்டால் வேளச்சேரியில் ஏறி பெருங்குடியில் இறங்குவதற்குள் சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கும், அந்த ஈரம் பைக்குள்ளும் இறங்கும். தோள், கழுத்து வலி வேறு. அதனால் எவ்வளவு நல்ல பையாக இருந்தாலும் சரி, அது இருக்கவேண்டிய இடம் கேரியர்தான்.

கேரியர் என்றதும் பால்காரர் சைக்கிள் ஞாபகத்துக்கு வந்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சைக்கிளில் முன்னால் கூடை, பின்னால் கேரியர் எல்லாம் இருக்கிறது. நாம் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் கியர் சைக்கிளில் மட்கார்டுகூட இருப்பதில்லை. தனியாகத்தான் வாங்கி மாட்டவேண்டும். வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஃப்ரேமில் மரையோடு கூடிய ஓட்டை இருக்கிறதா? டிஸ்க் பிரேக் என்றால், கேரியரின் கால் பிரேக்கில் இடிக்காமல் விலகிப் போகிறதா? ஓட்டை இல்லாத சைக்கிளுக்கு சீட் கம்பியில் மட்டும் கிளாம்ப் போட்டு மாட்டும் கேரியர் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் பத்து கிலோவுக்குள்தான் தாங்கும், பாரம் ஏறினால் பக்கவாட்டில் திரும்பவும் செய்யும். இரண்டு பக்கமும் கால் வைத்து ஃப்ரேமில் பூட்டும் வகையில் 25 கிலோ வரை தாங்குபவை சாதாரணமாகவே கிடைக்கின்றன. வாங்கினால் அதை வாங்குங்கள். நம் ரோட்டுக் குழிகளில் அதன் போல்ட் மெல்ல மெல்லக் கழலும் என்பதால் ஒரு 4 மி.மீ. ஆலன் கீ பையிலேயே கிடக்கட்டும், வாரம் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

பைக்கு வருவோம். கேரியரின் பக்கத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் சைடு பேக்தான் ஆபீஸ் போகிறவருக்கு வசதி. பாரம் கீழே இருப்பதால் சைக்கிள் ஆடாது. வாங்கும்போது கடையிலேயே மாட்டி, சீட்டில் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், குதிகால் பையில் இடிக்கக்கூடாது. இடித்தால் பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டவேண்டும், தள்ள இடமில்லை என்றால் அந்தப் பை உங்களுக்கு வேண்டாம். ஒரே பைதான் என்றால் இடது பக்கம் மாட்டுங்கள். வலது பக்கம் செயின் இருக்கிறது, கிரீஸ் படும். நூறடி ரோட்டில் உரசிக்கொண்டு போகும் பஸ்ஸும் வலது பக்கம்தான் வரும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது வலது காலில் கொஞ்சம் இடிக்கும், அது பரவாயில்லை.

இப்போதே சைடு பேக் வாங்கக் காசு இல்லையா? பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். இருக்கிற பேக்பேக்கையே கேரியர்மேல் படுக்கவைத்து, தோள்பட்டை வார்களை அடியில் மடித்துவிட்டு, டியூப்பின் ஒரு முனையைக் கேரியர் கம்பியில் முடிந்து, பையின் குறுக்கே இழுத்து மறுபக்கக் கம்பியில் சுற்றி, திரும்பக் குறுக்காகப் பெருக்கல் குறிபோலக் கொண்டுவந்து, கடைசி முனையை இறுகிய சுற்றுக்கு அடியிலேயே செருகிவிடவேண்டும். ரப்பர் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும், அந்த முனைக்கு முடிச்சே தேவையில்லை. கடைகளில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது, ஸ்பீடு பிரேக்கரில் எகிறிக் கொக்கி கழன்றால் நேராக ஸ்போக்ஸுக்குள் போகும். எதைக் கட்டினாலும் தொங்கும் வார் ஒன்றுகூட இருக்கக்கூடாது. துப்பட்டாவுக்கும் அதே சட்டம்தான், அது பைக்குள் போகட்டும், ஆபீஸ் வாசலில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப் அடிபடுவது பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அதன் கீழ் ஓரம் பையின் தரையில் மோதும். ஆகவே பையின் அடியில் மாற்றுத்துணியை மடித்து மெத்தையாகப் போட்டு, உறைக்குள் போட்ட லேப்டாப்பை அதன்மேல் செங்குத்தாக, ரோட்டைப் பார்த்த வெளிப்பக்கத்தில் இல்லாமல் சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில் நிறுத்துங்கள். சைக்கிள் சாய்ந்து விழுந்தாலும் நேரடி அடி படாது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஸ்லீப்பில் போடாமல் முழுக்க ஷட்டவுன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். எஸ்எஸ்டி என்றால் அந்தக் கவலை குறைவு.

லேப்டாப்புக்கு உண்மையான எதிரி சாம்பார். இரண்டும் ஒரே பையில் போகவே கூடாது. இரண்டு சைடு பேக் இருந்தால் ஒன்றில் லேப்டாப், மற்றொன்றில் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் என்று பிரித்தால் எடையும் ஏறக்குறைய சமமாகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிய குழம்பு ஆவியின் அழுத்தத்தில் மூடி ஓரமாகக் கசியும், கொஞ்சம் ஆறவிட்டு மூடுங்கள். மூடி உள்ளே ரப்பர் வளையமும் நாலு பக்கம் கிளிப்பும் உள்ள டப்பாதான் குழம்புக்கு. அடுக்கு டிபன் கேரியர் பார்க்க அழகு, சைக்கிளுக்கு ஆகாது. புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி என்றால் பிரச்சினையே இல்லை. தயிர் சாதம் வெயில் காலத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும் என்பவர்கள், சாதத்தைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துக் கொண்டுபோனால் சாப்பிடும் நேரத்துக்கு அதுவே பதமாக உறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் தினமும் தூக்கவேண்டும் என்று யார் சொன்னது? சார்ஜர் இன்னொன்று வாங்கி ஆபீஸ் டிராயரில் போடுங்கள். ஷூவை அங்கேயே விட்டுவிட்டு செருப்பிலோ கேன்வாஸிலோ ஓட்டிப் போங்கள். சோப்பு, சீப்பு, பவுடர் எல்லாம் அங்கேயே. திங்கட்கிழமை ஒருநாள் மட்டும் இஸ்திரி போட்ட சட்டைகளை மொத்தமாகக் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை அழுக்கை மொத்தமாகக் கொண்டுவந்தால் மற்ற நாளில் பை பாதியாக இளைத்துவிடும். துடைத்துக்கொள்ள தடித்த டர்க்கி டவல் வேண்டாம், மெல்லிய காசித்துண்டு போதும், ஃபேனுக்கு அடியில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

அப்புறம் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பும் நேரம் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ளும். பைக்கு மேலே போடும் ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள். மேலிருந்து வருவதைவிட சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர்தான் அதிகம், அது கவரின் அடிப்பக்கமாக உள்ளே போகும். மட்கார்டு போடுங்கள், பைக்குள்ளேயே ஒரு கெட்டியான பாலிதீன் பையை விரித்து அதற்குள் சாமான் வைத்து வாயை இரண்டு மூன்று சுற்று சுருட்டிக் கட்டுங்கள். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு, தடிமன் எவ்வளவாக இருந்தாலும், தமிழ்நாட்டில் தடை என்பதால் கடையில் கேட்டு வாங்க முடியாது. வீட்டில் சோபாவோ ஃப்ரிட்ஜோ வந்தபோது சுற்றியிருந்த தடித்த ஷீட்டை வெட்டி ஓரத்தை டேப் போட்டு ஒட்டினால் போதும். ரெயின்கோட் பையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும், அடியில் வைத்தால் அதை எடுப்பதற்குள் மற்றதெல்லாம் நனையும். முட்டிக்குமேல் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்றால் சைடு பேக்கும் மூழ்கும், அன்றைக்கு லேப்டாப்பை ஆபீஸிலேயே பூட்டிவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

பாரம் ஏற்றிய சைக்கிள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நிற்க நேரம் எடுக்கும், மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் ஆடும், அதனால் உட்கார்ந்தே குறைந்த கியரில் ஏறுங்கள். பின் டயரில் காற்றை, டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். வேலைநாளில் பரிசோதனை வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்புக்குப் பதில் அதே எடைக்குப் பழைய புத்தகங்களை வைத்துக் கட்டி அடையாறு திரு.வி.க. பாலம் வரை ஒரு நடை போய்வாருங்கள். ஓட்டும்போது ஏதாவது கடகடவென்று சத்தம் வந்தால் அங்கேயே இறங்கிப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: சீட் கம்பியில் மாட்டிய சிவப்பு லைட்டைக் கேரியர்மேல் கட்டிய பை முழுக்க மறைத்துவிடும். இரவில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். லைட்டைக் கழற்றி கேரியரின் பின் விளிம்பில் மாட்டுங்கள், பத்தடி பின்னால் போய் நின்று தெரிகிறதா என்று பாருங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது பையோடு சேர்த்து அதையும் கழற்றிக்கொண்டு போங்கள், ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் இருக்கும், லைட் இருக்காது.