மவுத் ஓர்கனில் இரண்டு ஓட்டையைச் சேர்த்து வளைப்பது

முதலில் உங்கள் கையிலிருக்கும் மவுத் ஓர்கனின் வாயைப் பாருங்கள். ஓட்டைகள் மேலும் கீழுமாக இரண்டு வரிசை என்றால் அது ட்ரெமலோ. யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் கிடக்கிற பழசுகள் அனேகமாக இந்த வகைதான். கொக்குவிலில் என்னிடம் பழக வருகிற பெடியள் "அப்பப்பாவின்ரை" என்று துடைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். பாட்டு வாசிக்க அருமையான சாமான், பெண்ட் மட்டும், அதாவது சுரத்தை வளைத்துக் கீழே இறக்குவது மட்டும், வராது. அதில் ஒவ்வொரு ரீட்டுக்கும், அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் தருகிற சின்னத் தகட்டுக்கும், தனி அறை. சுரம் வளைய வேண்டுமென்றால் ஊதும் ரீட்டும் இழுக்கும் ரீட்டும் ஒரே அறைக்குள் இருக்கவேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாக்கின் இடத்தை மாற்றினால் எதிர் ரீட்டும் சேர்ந்து அதிரும், சுரம் இறங்கும். அந்த இரண்டு ரீட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள்தான் இறங்கலாம், அதற்குக் கீழே போகாது.

ஆகவே ஒரே வரிசையில் பத்து ஓட்டை உள்ள டையட்டோனிக் ஒன்று தேவை, அதில் இரண்டு ரீட்டும் ஒரே அறைக்குள் இருக்கும். சி கீ, அதாவது சி சுருதியில் உள்ளது, போதும். உள்ளே மரம் வைத்தது மாரிகாலத்து ஈரத்தில் ஊதிப்போய் உதட்டை உரசும். பிளாஸ்டிக் வைத்தது, உதாரணமாக ஹோனர் ஸ்பெஷல் 20, அந்தக் கரைச்சல் தராது. தட்டைவடை தின்ற வாயோடு ஊத வராதீர்கள். ரீட்டில் ஒரு துணுக்குச் சிக்கினால் அன்றைய பழக்கம் முடிந்தது.

இடப்பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாவது ஓட்டையின் இழுப்பை, அதாவது மூச்சை உள்ளே இழுக்க வருகிற சுரத்தை, ஸட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மூன்றாவது இழுப்பு அந்தர காந்தாரம், நான்காவது பஞ்சமம், ஐந்தாவது கைசிகி நிஷாதம். இணுவில், அளவெட்டிப் பக்கத்து நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால்தான் கெதியாக விளங்குகிறது. இனி ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். நான்காவது அரைச் சுரம் இறங்கிப் பிரதி மத்திமத்துக்கு வரும். மூன்றாவது மூன்று அரைச் சுரம் இறங்கிச் சுத்த ரிஷபம் வரைக்கும் போகும். ஐந்தாவதில் இரண்டு ரீட்டும் அரைச் சுரம் தள்ளித்தான் இருக்கின்றன, ஆகவே அது அரைச் சுரம்கூட முழுதாக இறங்காது.

இதிலிருந்தே தெரியும், இரண்டு ஓட்டையையும் ஒரே அளவுக்கு இறக்க மினக்கெடுவது வீண் வேலை. ஒன்றைப் பிடித்து வளையுங்கள், மற்றது தன்பாட்டில் வந்த அளவுக்கு வரட்டும்.

நான்கு, ஐந்து என்ற சோடியில் தொடங்குங்கள். முதலில் நான்காவதைத் தனியே இழுத்து, வாய்க்குள் 'ஈ' வைத்த நாக்கை 'ஊ'வுக்குக் கொண்டுபோங்கள். நாக்கின் நடு முதுகு பின்னுக்கு நகர, சுரம் பிரதி மத்திமத்தில் வந்து உட்காரும். அதை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொண்டு ஓர்கனை மயிரிழை இடப்பக்கம் நகர்த்துங்கள், உதட்டையும் கொஞ்சம் அகலமாக விடுங்கள். ஐந்தாவது உள்ளே வரும். வந்த உடனே நான்காவது துள்ளிப் பஞ்சமத்துக்கே ஓடிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். காற்று இரண்டாகப் பிரிந்ததுதான் காரணம். அந்த இடத்தில் எல்லோரும் பலமாக இழுப்பார்கள். இழுக்காதீர்கள், ரீட் களைத்துச் சுருதி கெடும். நாடியைச் சற்றுக் கீழே விட்டு, நாக்கை இன்னும் ஒரு சொட்டுப் பின்னுக்கு எடுத்தால் போதும். மூக்கைப் பொத்தியும் பாருங்கள். பொத்தினதும் பெண்ட் வந்தால் காற்று மூக்கால் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

சரியாக வந்தால் பஞ்சமம் அரைச் சுரம் இறங்கியிருக்கும், நிஷாதம் அதில் பாதியளவு சரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உறுமல் கேட்கும். அந்தக் கோணல்தான் எனக்குப் பிடித்தது. நேராக்க வேண்டாம். 1950களில் சிகாகோவில் புளூஸ் மவுத் ஓர்கன்காரர் லிட்டில் வோல்ட்டர் ஊதின ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள், காது தானாகப் பழகும். ஃபோனில் உள்ள டியூனர், அதாவது சுருதி காட்டுகிற செயலி, இரண்டு சுரத்தை ஒன்றாகக் கேட்டால் குழம்பிப்போகும், ஆகவே நான்காவதைத் தனியே சரிபார்க்க மட்டும் அதை வைத்திருங்கள்.

மூன்று, நான்கு சோடி இன்னும் இனிமை, ஆனால் மூன்றாவது ஒரு கள்ளன். நாக்கை அதற்குரிய இடத்தில் வைத்தால் அது ரிஷபத்துக்கே விழுந்துவிடும், நான்காவது அசையாமல் நிற்கும். நாக்கை நான்காவதற்கு வைத்தால் மூன்றாவது சாதாரண காந்தாரத்தோடு நிற்கப் பழகும். சாதாரண காந்தாரமும் பிரதி மத்திமமும் சேர்ந்து வந்தால் வேலை முடிந்தது. இரண்டு, மூன்று சோடியை இப்போதைக்கு விடுங்கள். இரண்டாவதுக்கு நாக்கு தொண்டைப் பக்கம் போகவேண்டும், மூன்றாவதுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை, இரண்டையும் ஒரே வாயில் சமாளிக்க நாள் செல்லும்.

மேல் ஓட்டைகளில் கதை வேறு, அங்கே ஊதித்தான் வளைக்கவேண்டும். எட்டாவதும் ஒன்பதாவதும் தலைக்கு அரைச் சுரம் இறங்கக்கூடியவை, அதனால் அந்தச் சோடி இரண்டும் ஒன்றாகவே சரியும். நாக்கை முன்பல்லுக்குக் கிட்டக் கொண்டுவந்து மெதுவாக ஊதுங்கள். சி கீயில் இது பிடிவாதம் பிடிக்கும். ஜி அல்லது ஏ கீ ஓர்கன் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கி அதில் பழகுங்கள், திருப்பிக் கொடுக்க முன்னர் துடைத்துவிடுங்கள்.