கபாடிக் கடைக்கு வந்த கோபால்ட்: கதிரியக்கக் கழிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டில்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் கோவில் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு எப்படியோ அணுக்கழிவுக்குத் திரும்பியது. "அதெல்லாம் கூடங்குளத்துக்காரர்களின் கவலை சார், டில்லியில் அணு உலையா இருக்கிறது?" என்றார் நண்பர். முதல் தவறே இதுதான்.

உலை இல்லாத இந்த ஊரில்தான் 2010இல், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கதிர்வீச்சு ஓர் உயிரைக் குடித்தது. டில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1985க்குப் பிறகு பயன்படுத்தாமல் போட்டுவைத்திருந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் விற்கப்பட்டது. கனடாவில் செய்த கருவி, உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். கபாடிக்காரர்கள், அதாவது பழைய சாமான் வியாபாரிகள், ஈயக் கவசத்தைப் பிரித்தார்கள். பளபளத்த துண்டுகள் கை மாறின. ஒருவர் ஒரு துண்டைப் பணப்பையிலேயே வைத்திருந்தாராம்.

"பழசுதானே, வீரியம் போயிருக்கும்" என்று நினைப்பது அடுத்த தவறு. கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகும் காலம், ஏறத்தாழ 5.3 ஆண்டுகள். 25 ஆண்டுகளில் அதன் வீரியம் சுமார் 27இல் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு வடிந்த பிறகுதான் ஒருவர் இறந்தார். மருத்துவமனைகளில் ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137க்கு 30 ஆண்டுகள் வேண்டும். எது எவ்வளவு காலம் இருக்கும் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே அறையில் பூட்டிவைத்தால், சாவி வைத்திருந்தவர் ஓய்வுபெற்றதும் ஏலம்தான்.

வெளிநாட்டுக் கருவியை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் வேண்டும். பயன்படுத்திய அணு எரிபொருளுக்கும் கதிரியக்கக் கழிவுக்குமான சர்வதேசக் கூட்டு ஒப்பந்தம் 1997இல் உருவாகி 2001இல் நடைமுறைக்கு வந்தது. உபயோகம் முடிந்த மூலத்தை, அதாவது கருவிக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருளை, தயாரிப்பாளரிடம் அனுப்ப, சம்பந்தப்பட்ட நாட்டின் சட்டம் இடம் கொடுத்தால் எல்லையில் தடுக்கக் கூடாது என்கிறது அது. கதவு திறந்திருக்கும், அவ்வளவே. கப்பல் கூலியை யார் தருவது என்பதை வாங்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 2003இல் மூலங்களுக்கான நடத்தை விதிகளையும், 2017இல் உபயோகம் முடிந்த மூலங்களுக்கான வழிகாட்டுதலையும் கொண்டுவந்தது. இரண்டுக்கும் சட்ட வலு இல்லை. மருத்துவமனையில் கொள்முதல் பார்க்கும் உறவினர் யாராவது இருந்தால், இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள்.

கூட்டு ஒப்பந்தத்தைப் போலீஸ் என்று நினைக்கவும் வேண்டாம். உறுப்பு நாடுகள் ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வைக்கும், மற்ற நாடுகள் குடைந்து கேட்கும். கூச்சம்தான் அதன் ஆயுதம். அது வேலை செய்கிறது என்றே நினைக்கிறேன். இந்தியா அதில் சேரவில்லை. இந்தியா சேர்ந்திருப்பது அணுமின் நிலையங்களுக்கான அணுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவர்கள் ஏராளம்.

நண்பரின் கூடங்குளத்துக்கு வருவோம். 1988இல் சோவியத் யூனியனுடன் செய்த உடன்பாட்டின்படி, எரிந்து முடிந்த எரிபொருள் அங்கேயே திரும்பிப் போக வேண்டும். 1998இல் அது மாறியது; அந்த எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்கிறது. மறுசுழற்சியில் அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கலாம் என்பது நம் கணக்கு. பிரித்தபின் மிஞ்சும் கடுங்கழிவைக் கண்ணாடியாக உருக்கி அடைக்கும் ஆலைகள் டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் உள்ளன. ஆகவே சர்வதேச ஒத்துழைப்பு என்றால் கழிவை அடுத்தவர் வீட்டில் கொட்டுவது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டு ஒப்பந்தத்தில், பெறும் நாட்டின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகரக் கூடாது. தெற்கே 60 பாகைக்கு அப்பால் அண்டார்டிகா பக்கம் கழிவை அனுப்பவே கூடாது.

நம் அலட்சியமோ சம்மதம் கேட்காமலே எல்லை தாண்டும். 2008இல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் உருக்கிய எஃகு.

கடைசியாக ஒரு படம். மூன்று இதழ் கொண்ட அந்த மஞ்சள் முத்திரை கபாடிக்காரருக்கு மின்விசிறி மாதிரித்தான் தெரியும். அதனால் 2007இல் சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் சேர்ந்து புதிய குறியை வெளியிட்டன: சிவப்பு முக்கோணம், கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். இதைக் கருவிக்கு வெளியே ஒட்டுவதில்லை. உள்ளே, யாராவது பிரிக்கத் தொடங்கினால் மட்டும் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறார்கள். மாயாபுரிக்கு வந்த கருவி அந்தக் குறி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே செய்தது.