மதுரையிலிருந்து விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நாமே கணக்குப் போடலாம்

சாலை வழியாக மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து போகிற வழி அது. விமானத்துக்கு அந்த வளைவெல்லாம் கிடையாது. அதனால் பஸ் தூரத்தை விட்டுவிட்டு நேர்கோட்டுத் தூரத்தை எடுக்க வேண்டும்.

முதலில் கூகுள் மேப்பில் மதுரையின் பெருங்குடி விமான நிலையத்தைத் தேடி, ஓடுதளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். 9.83, 78.09 என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. வெறுமனே மதுரை என்று தேடினால் மேப் ஊர் நடுவில் போய் நிற்கும். அதிலேயே பத்துக் கிலோமீட்டர் போல அடிபட்டுப் போகும்.

அடுத்து சென்னை விமான நிலையம்: 12.99, 80.17. இப்போது கழித்துப் பாருங்கள். அட்சரேகை வித்தியாசம் 3.16. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், ஆக 351. தீர்க்கரேகை வித்தியாசம் 2.08. நம் பக்கத்தில் இதற்கு டிகிரிக்கு 109 போட்டால் போதும் (துருவத்தை நோக்கிப் போகப் போக இது குறையும்), ஆக 227. அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418 கிலோமீட்டர்.

கொழும்பு வரைக்கும் இந்த முறை தாங்கும். துபாய்க்குத் தாங்காது, பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். அதற்கு மேப்பிலேயே உள்ள தூரம் அளக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். 2,950 கிலோமீட்டர் அளவில் காட்டும்.

சரி, நேரம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800, இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆருக்கு 500 என்று வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போக, மேலே ஏற, முறை வந்து இறங்க அந்த அரை மணி வேண்டும். சென்னைக்கு ஏடிஆரில் 1 மணி 20 நிமிடம், ஜெட்டில் 1 மணிக்குச் சற்றே கூடுதல். வேகத்தில் 300 கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தும் மிச்சமாவது இருபது நிமிடம்தான். கிட்டத்து ஊருக்கு எந்த விமானம் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம் என்பேன். டிக்கெட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கூடவே போட்டிருப்பார்கள், தாமதத்துக்கு இடம் விட்டு.

துபாய்க்கு இதே கணக்கில் 4 மணி 10 நிமிடம் வரும். ஆனால் காலை 11 மணிக்குக் கிளம்பும் விமானத்துக்கு டிக்கெட்டில் 1.40 என்றுதான் இறங்கும் நேரம் இருக்கும். இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லையே என்று தோன்றும். அது துபாய்க் கடிகாரம். நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது ஒன்றரையைக் கூட்டுங்கள், திரும்பும்போது கழியுங்கள். அங்கே அதிகாலை 5 மணிக்கு ஏறி இங்கே 10.40க்கு இறங்கினாலும் பறந்தது அதே 4 மணி 10 நிமிடம்தான்.